சுருளார் பெஞ்ச் செய்கிறார்

வீட்டிலேயே பட்டறை போட்டுக்கொண்டு, மின்சாரத்தைத் தொடாமல், கைக்கருவிகளைக் கொண்டே மரவேலை கற்றுக்கொள்கிறவர் என்று ஒரு வகை மனிதர் இருக்கிறார். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பார். அவரைக் கண்டுபிடிக்க மரத்தூளையோ கைக்காயத்தையோ தேட வேண்டாம். இடது கையை நீட்டச் சொல்லுங்கள், போதும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு முடி இருக்காது. பிறவியிலேயே அப்படி என்று நினைத்துப் பரிதாபப்படாதீர்கள். உளியைத் தீட்டி முடித்ததும் கூர் ஏறிவிட்டதா என்று அந்தக் கையில்தான் சிரைத்துப் பார்ப்பார். வலது கை கரடி மாதிரியும் இடது கை கத்தரிக்காய் மாதிரியும் இருக்கிற ஒருவரைப் பார்த்தால், அவர் எதிரே நாற்காலி, மேசை, கதவு போன்ற சொற்களை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அன்றைக்கு நீங்கள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள்.

இவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "இதுவரைக்கும் என்னென்ன செஞ்சிருக்கீங்க?" என்பது அது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகமெல்லாம் மலர்ந்து, "இப்பதான் எல்லாம் ரெடி பண்ணிட்டிருக்கேன்" என்பார்கள். எத்தனை வருஷமாக என்று அடுத்த கேள்வியைக் கேட்பது நாகரிகம் இல்லை.

எனக்கு இந்த இனத்தோடு நெருங்கிய பழக்கம். என் தங்கையை இதில்தான் கொடுத்திருக்கிறோம். கொடுத்தபோது அறிகுறி எதுவும் தெரியவில்லை, மாப்பிள்ளைக்கு இரண்டு கையிலும் முடி இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வருகிற விண்ணப்பங்களில் கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பியனுப்பும் வேலை. அமைதியானவர், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறவர். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு இது பிடித்துக்கொண்டது. குடும்பத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுருளார். இழைப்புளியைப் பலகைமேல் தள்ளும்போது மேலே சுருண்டு வருமே, அந்த மரச்சுருளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் விருந்தாளிகளை வரவேற்பார். பெயர் அவர் காதுக்கும் எட்டியது. சந்தோஷப்பட்டார்.

வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இயந்திரம் இருந்த சின்ன அறைதான் பட்டறை. இயந்திரம் இப்போது குளியலறையில் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுருளார் தோல் அங்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். சுவரில் உளிகள் அகலவாரியாகத் தொங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அதே உருவத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருப்பார், எடுத்த உளி திரும்ப அதே இடத்துக்குப் போக வேண்டும் என்று. முதலில் முரட்டுக் கல், அப்புறம் நடுத்தரக் கல், அப்புறம் கண்ணாடி போல வழுக்கும் மெல்லிய கல், கடைசியாகத் தோல்வார். கல்லில் தண்ணீர் தெளிப்பார், உளியை வைப்பார், முன்னும் பின்னும் இழுப்பார், எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி முரட்டுக் கல்லிலிருந்து ஆரம்பிப்பார். எட்டு உளி, மூன்று இழைப்புளி. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது ஏழாவது உளியில் இருப்பார். சாப்பிட்டு வந்து பார்த்தால் முதல் உளியின்மீது ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்கும்.

"கூர் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, மச்சான்" என்பார் என்னிடம்.

அந்தப் பாதியை அவர் இருநூறு தடவையாவது முடித்திருப்பார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், மனுஷன் குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, உளி தீட்டுகிறான், தீட்டிவிட்டுப் போகட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கையின் முழங்கால்தான் இடையில் வந்தது.

அவள் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. சாயங்காலம் வீட்டு வாசலை மிதிக்கும்போது வலது முழங்கால் வீங்கி இருக்கும். நின்றுகொண்டு குனியக் கூடாது, ஒரு காலில் பாரம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ வாசலில் நின்று, கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில்தான் ஷூவைக் கழற்ற வேண்டும். உள்ளே நாற்காலி போட வழியில்லை. மூன்றடி அகல நடை, ஒரு சுவரை ஒட்டிச் செருப்பு அலமாரி, அதே சுவரில் சற்றுத் தள்ளி மின்சாரப் பெட்டி, நாற்காலி போட்டால் கதவு திறக்காது. தினமும் பிடித்துப் பிடித்து, மர நிலையில் அவள் தோள் உயரத்தில் ஓர் உள்ளங்கை அடையாளமே விழுந்துவிட்டது.

போன வருஷம் ஒரு நாள் அவள் கேட்டாள். "என்னங்க, அலமாரிக்கும் பெட்டிக்கும் நடுவுல போடற மாதிரி ஒரு சின்ன பெஞ்ச் செஞ்சு குடுங்களேன். ஒரு சாண் அகலம் போதும். உக்காந்து ஷூவ கழட்டணும், அவ்ளோதான்."

சுருளார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல வருஷம் ஒத்திகை பார்த்த நடிகனை மேடைக்குக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் மரக்கிடங்குக்குப் போனார்கள். பலகையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். மூன்றடி நீளம், இரண்டங்குல கனம், ஒரு முனையில் கண் போலச் சின்ன முடிச்சு. அங்கே இருந்த இரண்டு மரக்குவியல்களுக்கு நடுவே அதைப் போட்டு, மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். "இதுவே நல்லாருக்குங்க" என்றாளாம். கிடங்குக்காரர், "அப்ப இப்படியே ரெண்டு கல்லு வச்சு போட்டுக்குங்களேன்" என்றாராம். சுருளார் அதைக் கேட்டுச் சிரித்தார் என்று தங்கை சொன்னாள். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

பலகை பட்டறைக்குள் போனது. அதற்கப்புறம் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதல் ஞாயிறு, பலகையின் முகம் சமமாக இல்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு முனையிலும் ஒவ்வொரு நேர்க்குச்சியை வைத்து, முட்டிபோட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு மூலை ஒரு மயிரிழை தூக்கியிருக்கிறதாம். இழைத்தார். அந்த மூலை இறங்கியது, எதிர் மூலை தூக்கிக்கொண்டது. அதை இழைத்தார். நடுவில் குழி விழுந்தது. குழிக்குச் சமமாக இரண்டு முனையையும் இழைத்தார். பிறகு பலகையைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கமும் ஒரு முகம் இருக்கிறது அல்லவா?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இந்த இனத்தையே புரிந்துகொள்ள உதவுகிற சூட்சுமம். சுருளாருக்குப் பலகைமேல் கண் இல்லை. சுருள்மேல்தான் கண். இழைப்புளியின் வாயிலிருந்து ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை அறுபடாமல், வெங்காயச் சருகு போல ஒரு சுருள் வந்துவிட்டால் ஜன்னலுக்கு ஓடுவார். அதைப் பத்திரிகைமேல் விரித்து, அதன் வழியாகச் செய்தி வாசிப்பார். எழுத்து தெரிந்தால் வெற்றி. அதை எங்களுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்புவார். இதே போல வீட்டில் இருந்தபடி மரவேலை பழகுகிற இருநூறு பேர் கொண்ட கைபேசிக் குழு ஒன்று உண்டு, அதிலும் போடுவார். அங்கே இருநூறு இடது கைகள் தட்டும். மிக நல்ல சுருள்களை அகராதியின் பக்கங்களுக்கு நடுவே பாடம் பண்ணி வைத்திருக்கிறார். வீட்டில் யாருக்காவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் முதலில் சுருளை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது. இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் மாப்பிள்ளை அல்லவா, எடுத்தோம் கவிழ்த்தோம் என்று பேச முடியுமா? பக்குவமாகச் சொல்ல வேண்டும், மனம் நோகக் கூடாது, அதே சமயம் உறைக்கவும் வேண்டும். நல்ல வாக்கியமாக ஒன்று யோசித்துக்கொண்டு போனேன். போனபோது அவர் வேறொரு அவசரத்தில் இருந்தார்.

"மச்சான், ஒரு உண்மை புரிஞ்சுபோச்சு. பெஞ்ச் செய்யணும்னா முதல்ல நல்ல வேலைமேசை வேணும். கனமான மேசை. ஆடக் கூடாது."

"சரி, மாப்ள."

"மேசை செய்யணும்னா பெரிய மரத்த அறுக்கணும். அறுக்கறதுக்கு ஒரு தாங்கி வேணும். மரத்த அது மேல கிடத்தி, முட்டியால அமுக்கிட்டு அறுக்கணும்."

ஆக, பெஞ்சுக்காக மேசை, மேசைக்காகத் தாங்கி. அந்தத் தாங்கியை அன்று மத்தியானமே செய்து முடித்தார். என் கண் எதிரேதான் செய்தார். இழைப்புளிகள் வந்த பெட்டியை உடைத்து எடுத்த பலகைகள். முரட்டு ரம்பம், நான்கு சாய்ந்த கால்கள், மேலே ஒரு சாண் அகலத்தில் ஒரு பலகை, பன்னிரண்டு ஆணி. உளி தீட்டவில்லை. முகம் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடவில்லை. "இது பட்டறைக்குள்ள கிடக்கற சாமான்தானே, இதுக்கு என்ன" என்று காலால் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தேன். என் வாக்கியத்தைச் சொல்ல அன்று தோதுப்படவில்லை.

கடையில் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டாயிற்று. "வீட்ல பட்டறை வச்சுக்கிட்டு கடைல வாங்கறதா?" என்று அவர் கேட்ட குரலில் அவ்வளவு வருத்தம் இருந்தது. தங்கை அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், நடைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்து வாசலில் போட்டாள். நான்கு நாள் அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஐந்தாம் நாள் ஸ்டூலைக் காணோம். பட்டறையில் இருந்தது, அதன்மேல் மெல்லிய கல் இருந்தது. "கல்லு வைக்க சரியான உயரம், பாத்தியா" என்றார் சுருளார். அவருடைய குரலில் கள்ளம் இல்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் சந்தோஷப்பட்டார்.

இப்போது கதவு விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவு உப்பி, மூட முடியாமல் போனது. ஓர் ஓரத்தை இரண்டு இழுப்பு இழைத்தால் தீரும் வேலை. வீட்டில் மூன்று இழைப்புளி, எட்டு உளி, கொட்டாப்புளி இரண்டு, மூலைமட்டம் நான்கு. சுருளார் என்ன செய்தார் தெரியுமா? எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், உங்க தெரு முனைல ஒரு தச்சர் இருக்காரே, அவர கொஞ்சம் கூட்டிட்டு வாங்களேன். கதவு சிக்குது."

"நீங்களே பண்ணலாமே, மாப்ள."

"அது வேற வேலை, மச்சான்."

தச்சர் கடை என் வீட்டிலிருந்து நாற்பது அடி. கடைவாசலில் செய்துவைத்த பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருப்பார், தினமும் அதைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போகிறேன். அன்றும் தாண்டிப் போய்த்தான் அவரை அழைத்துவந்தேன். அவர் கொண்டுவந்த இழைப்புளியின் பிடி உடைந்து, துணி சுற்றியிருந்தது. கதவைக் கழற்றினார், தங்கை வீட்டுச் சோபாவில் சாய்த்தார், நாலு தள்ளு தள்ளினார். பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. அதைப் பார்த்துச் சுருளார் பல் வலிக்காரர் போல முகத்தைச் சுளித்தார். கதவு மூடியது.

கிளம்புகிற நேரத்தில் தச்சரைப் பட்டறைக்கு அழைத்துப்போனார் சுருளார். தச்சர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். ஓர் உளியை எடுத்து விரலால் தடவிவிட்டு அவசரமாகத் திரும்ப மாட்டினார்.

"இதெல்லாம் வச்சு வேலை செய்ய எனக்கு பயமா இருக்கும், சார். என்ன செய்யறீங்க?"

"ஒரு பெஞ்ச்."

"பலகை எங்க?"

சுருளார் காட்டினார். தச்சர் அதைக் கையில் எடுத்து, எடை பார்ப்பவர் போல இரண்டு தடவை தூக்கிப் போட்டார்.

"இது பின்னாடி முதுகு சாய்ஞ்சுக்கற பலகைங்களா, சார்?"

"இல்ல, உக்கார்ற பலகை."

தச்சர் பலகையைப் பார்த்தார், என் தங்கையைப் பார்த்தார், பிறகு மரியாதையுள்ள மனிதர் என்பதால் கூரையைப் பார்த்தார். வழியில் என்னிடம், "சார் நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு என் வாக்கியத்துக்கு இன்னும் கொஞ்சம் மெருகு கொடுத்தேன். கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது.

பத்தாவது மாதம் மெருகெண்ணெய் காய்ச்சுகிற கட்டம் வந்தது. பெஞ்ச் முடிந்ததும் பூசுவதற்கு. பெஞ்ச் ஆரம்பிக்கவில்லையே என்று குறுக்கே கேட்காதீர்கள், எண்ணெய் பக்குவப்பட நாள் ஆகுமாம். தேன்மெழுகையும் ஏதோ விதை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, பதம் பார்க்க மரம் தேடினார். பலகையில் பூச மனம் வரவில்லை, அது இன்னும் தயாராகவில்லை. வீட்டில் வெறும் மரமாக இருந்தது வாசல் நிலை ஒன்றுதான். அதிலும் அந்த உள்ளங்கை அடையாளம் அவருக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்று பூச்சுப் பூசி, பழந்துணியால் அரை மணி நேரம் தேய்த்தார். நிலை அப்படிப் பளபளத்தது. முகம் பார்க்கலாம்.

மறுநாள் சாயங்காலம் என் தங்கை வேலையிலிருந்து வந்தாள். வழக்கம்போல நிலையில் கை வைத்தாள், வலது காலைத் தூக்கினாள். கை வழுக்கியது.

இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. அவள் செருப்பு அலமாரியில் மோதி, கையை ஊன்றிக் கீழே விழுந்தாள். மணிக்கட்டு பிசகிவிட்டது, மூன்று வாரம் கட்டு. முழங்கால் தப்பியது அதிர்ஷ்டம். பட்டறையிலிருந்து தோல் அங்கியோடு ஓடிவந்த சுருளார் அவளைத் தூக்கி உட்காரவைத்து, "என்னம்மா ஆச்சு, எங்கம்மா வலிக்குது" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கண் கலங்கியிருந்ததாம். நம்புகிறேன். இந்த இனத்தில் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது வண்டியில் வைத்து, "இந்த ஞாயித்துக்கிழமை முடிச்சுடறேன், பாரு" என்றாராம். அவள், "சரிங்க" என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வாக்கியம் தயார். படிக்கட்டில் ஏறும்போது ஒரு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன். பட்டறைக்குள் நுழைந்தபோது சுருளார் இரண்டு கையிலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நின்றார்.

"மச்சான், வாங்க வாங்க. இங்க பாருங்க. பதினோரு மாசத்துல இன்னிக்குத்தான் ரெண்டு முகமும் சமமாச்சு. ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது."

பார்த்தேன். வித்தியாசம் கிடையாதுதான். பலகையும் கிடையாது. இரண்டங்குலமாகப் போனது அரை அங்குலத்துக்கும் கீழே வந்திருந்தது. கிடங்கில் கண் போலத் தெரிந்த முடிச்சு இப்போது நிஜமாகவே ஒரு பொத்தலாகி, அதன் வழியாகச் சுருளாரின் மூடாத கண் என்னைப் பார்த்தது. மூலையில் ஏழு சாக்கு நிறைய மரச்சுருள் இருந்தது. என் தங்கை உட்கார்ந்து பார்த்து "நல்லாருக்குங்க" என்று சொன்ன பெஞ்ச் அந்தச் சாக்குகளில் இருந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்து, கட்டுப் போட்ட கையோடு தங்கை எங்களை டீ குடிக்கக் கூப்பிட உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். நின்றுகொண்டே இருக்க முடியாமல், ஓரத்தில் கிடந்த தாங்கியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் தாங்கியின் விளிம்பைக் கையால் தடவினாள். பிறகு மெதுவாகக் குனிந்து, வலது காலைத் தொட்டாள். இடது காலைத் தொட்டாள். இடமும் வலமும் ஆடிப் பார்த்தாள். தாங்கி அசைந்து கொடுக்கவில்லை. எழுந்தாள்.

"அண்ணா, இதோட அந்தப் பக்கம் புடி."

"எதுக்கும்மா?"

"புடிண்ணா."

அவள் ஒற்றைக் கையால் ஒரு முனை, நான் ஒரு முனை. பட்டறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து நடை. செருப்பு அலமாரிக்கும் மின்சாரப் பெட்டிக்கும் நடுவே இறக்கினோம். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கதவைத் திறந்தாள், தாராளமாகத் திறந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தி, மறுபடி திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரு கையாலேயே ஒரு ஷூவைக் கழற்றினாள். இன்னொன்றையும் கழற்றினாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக வீட்டுக்குள் முகம் சுளிக்காமல் வந்திருக்கிறாள்.

பின்னாலேயே வந்து நின்ற சுருளார் பதறிப்போனார்.

"அது உக்கார்றதுக்கு இல்லம்மா. அறுக்கறதுக்கு."

"நல்லாருக்குங்க."

"ஆணி அடிச்சது. இழைக்கவே இல்ல. மேல ரம்பம் பட்ட கோடெல்லாம் இருக்கு."

"இருக்கட்டும். எப்ப செஞ்சீங்க இத?"

"அது இருக்கும்... எட்டு மாசம்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

சுருளார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒரு மத்தியானம்" என்றார்.

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். கழற்றிய ஷூக்களைக் குனிந்து எடுத்து, ஜோடியாகத் தாங்கியின் அடியில் வைத்தாள். அதற்கும் அங்கே இடம் இருந்தது.

சுருளார் உள்ளே போன பிறகு, இதுதான் சமயம் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன். "மாப்பிள்ளைகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேம்மா. முதல்ல இருந்தே."

"தெரியும்ணா" என்றாள். "எட்டு மாசமா நீ ஏதோ சொல்லப் போற மாதிரியே வந்து, டீய குடிச்சிட்டு போற."

"இல்லம்மா, பக்குவமா சொல்லணுமேன்னு..."

"உங்க தெரு முனைலதான் தச்சர் கடை. வாசல்லயே அடுக்கி வச்சிருக்காரு. அவர்கிட்ட ஒரு பெஞ்ச் வாங்கிட்டு வந்து, 'இந்தாம்மா, அண்ணன் சீர்'னு போட்டிருந்தேன்னா, யாரு வேணாம்னு சொல்லியிருக்கப் போறாங்க? அவராலயும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன். அப்படி மெருகேற்றிய அந்த வாக்கியம் இன்றுவரை எனக்குள்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் நல்ல வாக்கியம்தான், ஒரு குறை சொல்ல முடியாது.

சுருளார் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? மறுநாளே அவளிடம் கெஞ்சியிருக்கிறார். "ஒரு வாரம் குடு. ஆணியெல்லாம் எடுத்துட்டு முறையா மூட்டுப் போட்டு, மேல் பலகைய மட்டும் லேசா இழைச்சு..." அவர் முடிப்பதற்குள் அவள் போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். இழைப்புளியோடு யாராவது நடைப்பக்கம் வந்தால் இப்போதும் அப்படித்தான் செய்கிறாள். நிலையில் பூசிய மெருகை மட்டும் அவரே உப்புத்தாள் போட்டுச் சுரண்டி எடுத்தார்.

தாங்கி இல்லாமல் வேலைமேசைக்கு மரம் அறுக்க முடியாதல்லவா? அதனால் ஒரு மத்தியானம் இன்னொரு தாங்கி செய்தார். மாடிக் குடித்தனக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மாவு டப்பா வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவதாக ஒன்று செய்தார், அதை அலுவலகத்துக்குக் கேட்டார்கள், படி எடுக்கும் இயந்திரம் அதன்மேல்தான் இருக்கிறது. நான்காவது என் வீட்டில் இருக்கிறது, இதை எழுதும்போது அதன்மேல்தான் காலை வைத்திருக்கிறேன். ஆடவே ஆடாது. போன வாரம் பார்த்தபோது அவர் நொந்துபோய் இருந்தார்.

"ஒரு பொருள் செய்ய விடறாங்களா, மச்சான்? தாங்கி செய்யவே நேரம் சரியாப் போகுது."

இப்போது உங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டறை வேறு, உளி வேறு, நமக்கு இதெல்லாம் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் அலமாரியில் முதல் பக்கத்தில் மட்டும் தேதி போட்ட நோட்டு எத்தனை இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூ இன்னும் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேட்கப் போவதில்லை. யாரிடமோ சொல்ல வேண்டியதை நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று எவ்வளவு நாளாகப் பக்குவம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் சொந்த விஷயம். இதைப் படித்து முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று ஒரு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுத்தானே இங்கே உட்கார்ந்தீர்கள்? அதை மட்டும் கேட்டேன். எதற்கும் இடது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முடி இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். எனக்கும் இருக்கிறது.